ஜூனில் அலையில்லாத கடல்

ஏப்ரல் 18

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே சங்கவி. நறுமுகை தூங்கி, பால் பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுத்து, நாளைக்கு உளுந்தை ஊறவைத்த பிறகுதான் கை காலியாகிறது. மெல்போர்னில் உனக்கு விடிந்திருக்கும். போன வாரம் போனில் நான் ஒன்றும் பேசாமல் இருந்ததற்கு நீ சொன்னாய்: "பேச வரலன்னா எழுதுடி. டைரி மாதிரி தினம் ரெண்டு வரி எழுது, சேர்த்து அனுப்பு." சரி என்றேன். இது அந்த ரெண்டு வரி.

செய்தி ஒன்றுதான். நாங்கள் ஒரு தீவுக்குப் போகப்போகிறோம். இரவு சாப்பிடும்போது பரணி சொன்னார்.

"சுகி, நீ சிரிச்சே ரொம்ப நாளாச்சு. எங்கயாவது போலாம். கடல், மணல், தென்னமரம். குட்டிக்கும் கடல காட்டலாம்."

"கடல் இங்கயே இருக்கே. பெசன்ட் நகர் அரை மணி நேரம்."

"அது கடலா? அது கூட்டம்."

அந்தமான் என்றார். இங்கிருந்து இரண்டு மணி நேர விமானமாம். நறுமுகைக்கு எட்டு மாதம் ஆகிறது, நன்றாக உட்காருகிறாள், இனிப் பயமில்லை என்றார். நல்லது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஏப்ரல் 19

மாவு பொங்கவில்லை. இந்த வெயிலிலும்.

ஏப்ரல் 22

புஷ்பம் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. மரியபுஷ்பம். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்ட வீடு வீடாக வருகிறவர். மேடவாக்கம் பக்கத்தில் எந்த அடுக்குமாடியில் கேட்டாலும் அவர் நம்பரைத் தருவார்கள். காலையில் வருவார், குளியலறையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து காலை நீட்டுவார், நறுமுகையைக் கால்மேல் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அவளுக்கு அதில் அப்படி ஒரு சுகம், அழுவதேயில்லை. நான் துண்டோடு வாசலில் நிற்பேன். உள்ளே போவதில்லை. தரை ஈரமாயிருக்கும்.

இன்று அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எல்லா வீட்லயும் மூணு மாசத்துல 'போதும்க்கா'ன்னுடுவாங்க. நீ என்னை விடவே மாட்டேங்குற. நாளைக்கு இவளை ஸ்கூலுக்கும் நான்தான் குளிப்பாட்டி அனுப்பணுமா?"

"எனக்கு வரலக்கா."

"என்ன வித்தையா இது? காலை நீட்டு, புள்ளையப் போடு, தண்ணிய ஊத்து."

"குனிஞ்சா தையல் போட்ட இடம் வலிக்குது."

"எட்டு மாசமாவா வலிக்கும்? தையல் போட்டாங்களா, ஆணி அடிச்சாங்களா?"

சிரித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அவர் போனதும் பக்கெட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தேன். தினமும் அப்படித்தான். கொசு வருகிறது.

ஏப்ரல் 25

தேதி முடிவாகிவிட்டது. பரணி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கும்பகோணத்திலிருக்கும் என் மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டார்.

"டேய், கத்திரி வெயில்ல பச்சப்புள்ளையத் தூக்கிட்டு அலையாதீங்க. ஆடிலயும் கெளம்பாதீங்க. வைகாசிக் கடைசில போங்க, நல்லாருக்கும்."

"அதான்மா நானும் பாக்குறேன். ஜூன் ரெண்டாவது வாரம்." என் பக்கம் திரும்பினார். "மழையெல்லாம் ஐப்பசி கார்த்திகைலதான? ஜூன்ல ஏது மழை? நீதான ஜியாகிரபி. சரிதான சுகி?"

சரிதான் என்றேன்.

"இதப் பாரேன், ரூம் வாடகைய பாதியா கொறைச்சிருக்கான். ஜூன்ல வரலாம்னு யாருக்கும் தோணல போல."

உனக்குத் தெரியும். காலேஜில் பானுமதி மேடம் இந்தியப் பெருங்கடல் படத்தைக் கொடுத்துக் காற்றுக்கு அம்பு போடச் சொல்வார். தென்மேற்குப் பருவக்காற்றின் முதல் அம்பை நீ நேரே கேரளாவில் கொண்டுபோய் முட்டுவாய். நான்தான் அழித்து, அது முதலில் அந்தமானுக்குப் போகும், மே மூன்றாம் வாரத்திலேயே போய்விடும் என்று போட்டுக்காட்டுவேன். சென்னைக்காரர்களுக்கு ஜூன் என்றால் புழுக்கம். அங்கே அது நடு மழைக்காலம், கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகிற படகை நிறுத்திவிடுவார்கள்.

இதில் எதையும் நான் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்.

ஏப்ரல் 30

கேஸ் சிலிண்டர் வந்தது. கேழ்வரகை முளைகட்டப் போட்டேன். நறுமுகை என்னைப் பார்த்து "ம்மா" என்ற மாதிரி இருந்தது. பரணி மூன்று முறை சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தார். நானும் கை தட்டினேன்.

மே 3

இப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். போர்ட் பிளேயரில் ஓர் அறை. வெளியே விடாத மழை. படகு இல்லை. ஜன்னல் மூடியிருக்கும். பரணிக்குப் போக இடமிருக்காது, நாள் முழுக்க எங்களோடேயே கட்டிலில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார். பஜ்ஜி வாங்கி வரச் சொல்லலாம்.

எனக்கு அந்த விடுமுறை பிடித்திருக்கிறது. தண்ணீர் பக்கத்தில் அவளோடு நான் தனியாக இருக்க வேண்டி வராது. அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

மே 9

பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். மூன்றாவது மாடி, புறாத் தொல்லை. சாவியைப் பரணியின் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். ஆபீஸ் போய்விட்டுப் போன் செய்தார்.

"என் பையில ஒரு சாவி இருக்கு. என்ன சாவி?"

"பால்கனி."

"அப்ப துணியெல்லாம் எங்க காயப்போடுவ?"

"ஹால்ல."

"வீடா லாட்ஜா இது! சரி, சாவிய உன்கிட்டயே வச்சிருக்கலாமே?"

"உங்ககிட்டயே இருக்கட்டும்."

மே 14

எழுத ஒன்றுமில்லை.

மே 20

அந்தமானில் பருவமழை தொடங்கிவிட்டது. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். பரணி கிரிக்கெட் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வைத்ததும் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

மே 23

தெரிந்துவிட்டது. அவர் ஆபீஸில் போர்ட் பிளேயரில் வளர்ந்த ஒருவர் இருக்கிறாராம். இன்று சாப்பாட்டு நேரத்தில் பரணி பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"எல்லார் முன்னாடியும் அந்தாளு விழுந்து விழுந்து சிரிக்கிறான், சுகி. 'ஜூன்லயா? படகுக்கு நீ போக வேணாம், படகே உன் ரூமுக்கு வரும்'ங்கறான்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்."

"நீயா? நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்கப்பா அந்த கோல்டு மெடலத்தான முதல்ல எடுத்துக் காட்டினாரு. காப்பி அப்புறம்தான் வந்துச்சு."

"அது காலேஜ்ல."

கொஞ்ச நேரம் சமையலறை வாசலிலேயே நின்றார். "போகப் பிடிக்கலன்னா சொல்லிருக்கலாமே, சுகி" என்றார். குரலில் கோபம் இல்லை. பிடிக்கும் என்றேன். நறுமுகையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அவர் அவளோடு பேசுவது கேட்டது. உங்கம்மாவுக்கு என்ன ஆச்சு குட்டி, உனக்காவது தெரியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். அவள் அவர் மூக்கைக் கடித்திருக்க வேண்டும், கத்தினார்.

மே 25

பரணி விடவில்லை. நேற்று முழுக்க எதையோ படித்துக்கொண்டிருந்தவர், இன்று காலை நான் தோசை ஊற்றும்போது ஓடிவந்தார்.

"சுகி, இலங்கை! அதே காத்துதான். மேற்குப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு மலைல முட்டி நின்னுடுது. கிழக்குப் பக்கம் காஞ்சு கெடக்கு. நம்ம ஊர் மாதிரியே. அங்கயும் மழை ஐப்பசி கார்த்திகைலதான்!"

"தெரியும்."

"ஆஹா, இதாவது தெரியுதே!"

பாசிக்குடா என்று ஓர் இடம். மட்டக்களப்புக்கு மேலே. கொழும்பில் இறங்கி, மழையில் கிளம்பி, வேனில் குறுக்கே போனால் வெயிலில் போய் இறங்கலாமாம். ஊரில் தமிழ் பேசலாம், குட்டிக்கு இடியாப்பம் கிடைக்கும். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் நறுமுகைக்கு ஏற்கெனவே இருக்கிறது. படத்தைக் காட்டினார். கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

"ஜூன்ல அலையே கெடையாதாம். ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவு தண்ணிதானாம். குட்டிய அப்படியே தண்ணில உக்கார வைக்கலாம். காலைல நான் படகுல போய் மீனெல்லாம் பாத்துட்டு வர்றேன், ஒரு மணி நேரம். நீங்க ரெண்டு பேரும் கரையில ஜாலியா இருங்க."

மழை மறைவுப் பகுதி. நான் பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அவர் சொன்னதில் தப்பென்று சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடினேன் சங்கவி, மத்தியானம் முழுக்கத் தேடினேன். ஜூனில் அந்தக் கரையில் புயல் இல்லை, அலை இல்லை, மழையும் பேருக்குத்தான்.

ஜூன் 12, வியாழக்கிழமைக்கு டிக்கெட் மாற்றிவிட்டார்.

தோசை ஒன்று கருகிவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

மே 27

குட்டிக்கு நீச்சலுடை வந்தது. மஞ்சள். அன்னாசிப்பழம் போட்டது. அளவு சரியாக இருக்கிறது.

மே 31

புஷ்பம் அக்கா இன்றோடு நின்றுவிட்டார். வேளச்சேரியில் இரட்டைக் குழந்தைகள், காலை நேரம் முழுக்க அங்கேயே போய்விடும். வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"பல்லு முளைச்ச புள்ளைக்கு யாரும் வரமாட்டாங்க கண்ணு. நீயே ஊத்து. இந்தா, இப்படி வந்து உக்காரு, நான் பக்கத்துல இருக்கேன்."

"கையெல்லாம் மாவா இருக்குக்கா."

"கழுவு."

"அடுப்புல பால் இருக்கு."

நறுமுகையைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டியபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "புள்ளை மேல உனக்குப் பாசம் இல்லையா?" என்றார். உடனே, "சும்மா கேட்டேம்மா, அதுக்கேன் மூஞ்சிய இப்படி வச்சுக்குற" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் விரலில் சாம்பிராணி வாசனை.

இருக்கு என்றேன். இருக்கிறது சங்கவி. இருப்பதால்தான் கதவையெல்லாம் பூட்டுகிறேன்.

ஜூன் 1

வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன். சுத்தமாகத்தான் இருக்கிறாள்.

ஜூன் 2

இன்றும் துடைத்தேன்.

ஜூன் 4

திருச்சியிலிருந்து அம்மா போன் செய்தாள். "சளியா இருந்தா ரெண்டு நாள் தொடைக்கலாம். அதுக்கு மேல புள்ளைக்கு ஆகாது." சளி என்று நான்தான் சொல்லியிருந்தேன். நெஞ்சில் தைலம் தடவச் சொன்னாள். சளி இல்லாத நெஞ்சில் தைலம் தடவினேன்.

ஜூன் 6

வேர்க்குரு. கழுத்து மடிப்பு சிவந்து கிடக்கிறது. பரணிதான் பார்த்தார். "புஷ்பம் அக்கா போனதுலேருந்து இவள குளிப்பாட்டவே இல்லியா?" என்றார். தண்ணீர் சரியில்லை, லாரித் தண்ணீர், புண்ணாகும் என்றேன். அவர் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தேன். அவளுடையதை மட்டும் அடுக்கி முடித்தேன்.

ஜூன் 7

சொல்லிவிட்டேன். எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை, பரணி வீட்டில் இருந்தார். காலையில் கடைக்குப் போய், காற்றடிக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். ஹாலில் பாயை விரித்து அதன்மேல் வைத்து, வாயாலேயே ஊதினார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். அன்னாசிப்பழ உடுப்பை மாட்டி நறுமுகையை உள்ளே உட்காரவைத்தார்.

"பாசிக்குடா ரிகர்சல்! அம்மாவக் கூப்பிடு குட்டி. அம்மா பயந்தாங்கொள்ளி!"

அவள் ரெண்டு கையாலும் தண்ணீரை அடித்தாள். டிவி வரைக்கும் தெறித்தது. நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. தூரத்தில் இருந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஏதோ அவசரம், உடனே மீட்டிங். "ஒரு நிமிஷம் சுகி, பிடிச்சுக்கோ" என்றார். நான் எழுந்திருக்கும் முன்பே எழுந்துவிட்டார். வேறு வழியில்லாமல் போய் அவள் அக்குளில் கை கொடுத்துப் பிடித்தேன். அவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சத்தம் கேட்கக் கூடாதே.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைத் தண்ணீரில் வைத்துப் பிடிப்பது அவளுக்கே புதுசு. என் கைகளைப் பார்த்தேன். வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. மனசுக்குள் அந்தப் படம் வந்தது. அவள் பிறந்த கொஞ்ச நாளிலிருந்து தினமும் வருகிற அதே படம். அதை எழுத மாட்டேன்.

தூக்கினேன். சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போய், முழங்கையால் கதவைத் தள்ளி, அவர் மடியில் வைத்தேன்.

"சுகி! லேப்டாப்பு! மீட்டிங்ல இருக்கேன்..."

"வச்சுக்கோங்க."

"என்ன ஆச்சு?"

"என்னை இவகூட தண்ணிகிட்ட தனியா விடாதீங்க."

"வழுக்கிடும்னு பயமா? அதுக்குத்தான கீழ பாய் போட்டேன்."

"வழுக்காது."

அவருக்குப் புரியவில்லை. ஒரு கையால் அவள் முதுகைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வழுக்காதுங்க. நானா விட்டுடுவேனோன்னு."

மடிக்கணினிக்குள்ளிருந்து யாரோ, "பரணி, லைன்ல இருக்கீங்களா? பரணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக மூடியை மூடினார். நறுமுகை அந்த மூடியைத் தட்டித் தட்டி விளையாடினாள்.

ஜூன் 8

ராத்திரி அவளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். எனக்கும் அவளுக்கும் நடுவில் அவர். எனக்கு அது வலிக்கும் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன். பால் கொடுக்க அவர்தான் எழுப்பினார். கொடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் காப்பியை அவரே போட்டார். சர்க்கரை இல்லை. நான் சொல்லவில்லை.

"எப்பலேருந்து?"

"பொறந்த பத்து நாள்லேருந்து."

"தண்ணி மட்டுமா?"

"பால்கனியும்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"சொன்னா இவளத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

"எங்க?"

"கும்பகோணத்துக்கு. அத்தைகிட்ட."

இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். "அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேணாம்" என்றார். பிறகு, "அந்தமான்... ஜூன்னு சொன்னதும் சரின்னியே. அதுக்குத்தானா?"

"ம்."

ஒரு மாதிரி சிரிப்பு வந்தது அவருக்கு. "மழையவே காவலுக்கு வச்சிருக்க நீ" என்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரிகிறது. எந்த டாக்டர் என்று இருவருக்கும் தெரியவில்லை. குழந்தை டாக்டரா, பிரசவம் பார்த்தவரா, இல்லை அந்த மாதிரி டாக்டரா. மனநலம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"சங்கவிக்கு எழுதிருக்கேன். இன்னும் அனுப்பல."

"அனுப்பு" என்றார்.

தொட்டியின் காற்றைப் பிடுங்கிவிட்டு, அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனார். மணையில் உட்கார்ந்து காலை நீட்டத் தெரியவில்லை, லுங்கியெல்லாம் நனைந்தது. அவள் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். குளிப்பாட்டிவிட்டார். வாசலில் நான் துண்டோடு நின்றேன்.

ஏப்ரலிலிருந்து எழுதியதையெல்லாம் சேர்த்து இப்போது அனுப்புகிறேன். திருத்தவில்லை. கொசு, புறா, லாரித் தண்ணீர் எல்லாம் அப்படியே இருக்கிறது, நீ படித்துக்கொள்.

உன் பையன் பிறந்தபோது நான்கைந்து மாதம் நீ யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் போனில், "வாராவாரம் ஒரு அம்மாகிட்ட போய் உக்காந்து பேசிட்டு வந்தேன், இப்ப பரவால்லடி" என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று எனக்குக் கல்யாணப் புடவை எடுக்கிற அவசரம். இப்போது கேட்கிறேன். முதல் நாள் அந்த அம்மா முன்னால் உட்கார்ந்ததும் என்ன சொல்லி ஆரம்பித்தாய்? சொன்ன பிறகு குழந்தையை உன்னிடமே விட்டார்களா?

டிக்கெட் வியாழக்கிழமைக்கு. பரணி இன்னும் ரத்து செய்யவில்லை, உன் பதில் வரட்டும் என்கிறார். நாளை காலை அவர் ஆபீஸ் போனால் மாலை வரை நானும் அவளும்தான். போகாதீங்க என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் லீவு கிடைக்கும், மறுநாள் தெரியாது.

சீக்கிரம் பதில் போடு.

சுகிர்தா